கொம்பும் காலும்

சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் மொரப்பூரைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. ஜன்னல் ஓரத்து இடமும் கிடைத்து, தூக்கமும் வராமல் இருந்தால், திருப்பத்தூரையும் சாமல்பட்டியையும் கடந்த பிறகு, பொம்மிடி வருவதற்கு முன்னால், பலகையில் அந்தப் பெயர் கண்ணில் படும். பட்ட வேகத்திலேயே மறைந்தும் போகும்.

இந்தச் சிறிய ஊர் ஒரு காலத்தில் இரண்டு ரயில் பாதைகள் கூடும் ஜங்ஷனாக இருந்தது என்றால் நம்புவீர்களா? சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை 1862-ஆம் வருஷத்தில் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். அந்தப் பாதை மொரப்பூர் வழியாகப் போயிற்று; தருமபுரியைத் தொடவில்லை. பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரயில் போகாத ஊருக்குத் தானியமும் சீக்கிரம் போகாது என்ற பாடத்தைச் சர்க்கார் மெதுவாகக் கற்றுக்கொண்டது. மிகவும் மெதுவாகத்தான்! 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு கிளைப் பாதை திறந்தார்கள். 1913-ல் அது ஓசூர் வரைக்கும் நீண்டது.

இதில் ஒரு விஷயம் மட்டும் இடித்தது. பெரிய பாதையின் அகலம் 5½ அடி. கிளைப் பாதையின் அகலம் 2½ அடி. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. சென்னையிலிருந்து வரும் மூட்டையை மொரப்பூரில் இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றினால்தான் அது தருமபுரியைப் பார்க்கும். சிரமந்தான். ஆனாலும் பாதை இருந்தது. ஜனங்கள் அதை நம்பி வாழ்ந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1941-ல் பாதையை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். மறுபடியும் அங்கே அகலப் பாதை போட வேண்டும் என்று அடிக்கல் நாட்டியது 2019-ல்தான்.

பொதுவான ஒன்றைப் பலர் நம்பி வாழும்போது இரண்டு சங்கடங்கள் உண்டு என்று இந்தக் கதை சொல்லுகிறது. அளவு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் வழியில் இறக்கி ஏற்ற வேண்டும். இரண்டாவது, அந்தப் பொதுவான வஸ்து ஒருநாள் பழுதாகலாம் அல்லது காணாமலே போகலாம். போனால் அதை நம்பியிருந்த எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான். இதே இரண்டு சங்கடங்கள் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும், சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்குள்ளும் தினந்தோறும் இருக்கின்றன. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வாசகர்கள் பயந்துவிட வேண்டாம். கணக்கு, சூத்திரம் எதுவும் வராது. 'மொரப்பூர்' என்ற பெயரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெயரை எழுதிப் பாருங்கள். மொ, ர, ப், பூ, ர். ஐந்து எழுத்து. முதல் எழுத்தை எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் கொம்பு போடுகிறோம். பிறகு 'ம' எழுதுகிறோம். கடைசியில் ஒரு கால் இழுக்கிறோம். ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட வித்தை. ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அதன் ஞாபகத்தில் 'மொரப்பூர்' என்பது ஒன்பது எண்கள். 'ம'வுக்கு ஓர் எண். அதற்குப் பின்னால் ஒகரக் குறிக்கு ஓர் எண். 'ர'வுக்கு ஒன்று, 'ப'வுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, இப்படியே மேலே. உச்சரிக்கும் வரிசையில் எண்கள் நிற்கின்றன. எழுதும் வரிசையில் நிற்கவில்லை. ஒகரக் குறியின் எண் ஒன்றுதான். அதை இரண்டாகப் பிளந்து, கொம்பை 'ம'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டு வைக்க யாரோ ஒருவர் வேண்டும்.

பழைய அச்சுக்கூடங்களில் அந்த ஒருவர் கம்பாசிட்டர். அவருக்கு எதிரில் அறை அறையாகத் தடுத்த எழுத்துப் பெட்டி இருக்கும். கொம்புக்குத் தனி ஈய அச்சு, காலுக்குத் தனி அச்சு. கதாசிரியர் கோழிக் கிறுக்கலில் எழுதி அனுப்பிய 'மொரப்பூரை' அவர் கொம்பு, ம, கால் என்று பொறுக்கிக் கோத்துவிடுவார். கொம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஆசிரியர் அவருக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆசிரியருக்குக் கதைக் கவலை. கம்பாசிட்டருக்குக் கொம்புக் கவலை. கம்ப்யூட்டரிலும் இந்த வேலையைச் செய்ய ஒரு கம்பாசிட்டர் உண்டு. அவர் மனிதரல்ல, உத்தரவுகளின் தொகுதி. கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் உத்தரவுத் தொகுதியைத் தமிழில் நிரல் என்று சொல்கிறார்கள். பல நிரல்களுக்கும் பொதுவாக ஒரே வேலையைச் செய்து கொடுக்கும் உத்தரவுகளைத் திரட்டி வைத்தால் அதற்கு லைப்ரரி என்று பெயர். நிரலகம் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை கம்பாசிட்டர் வேலைதான்.

இந்த லைப்ரரி என்ற யோசனை எங்கே பிறந்தது? இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் 'எட்சாக்' என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 1949-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி அது முதல் கணக்கைப் போட்டது. காகித நாடாவில் துளைகள் போட்டு அதற்கு உத்தரவு கொடுக்க வேண்டும். சில நாட்களிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: மனிதர்கள் உத்தரவு எழுதினால் தப்பு வரும், ஏற்கெனவே சரியாக எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதினால் திரும்பத் திரும்பத் தப்பு வரும். ஆகவே வர்க்கமூலம் காண்பது, எண்களை அச்சடிப்பது முதலிய பொது வேலைகளுக்குச் சரிபார்த்த நாடாக்களைத் தயாரித்துச் சேர்த்து வைத்தார்கள். டேவிட் வீலர் என்ற இளைஞருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1951-க்குள் அப்படி 87 துண்டுகள் சேர்ந்துவிட்டன. அச்சடித்த புஸ்தகம் ஒன்றும் இல்லாத லைப்ரரி!

ஆனால் இந்த லைப்ரரியிலிருந்து எடுத்துப் போகும் முறை வேறு. வேண்டிய துண்டைத் தன் நாடாவில் அப்படியே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் ஒரே துண்டைக் கேட்டால் பத்துப் பிரதி. அதாவது ஒவ்வொரு ஆசிரியரும் தம் வீட்டிலேயே ஒரு கம்பாசிட்டரை வைத்துச் சோறு போடுவது போல. இதில் சௌகரியமும் உண்டு. வீட்டுக் கம்பாசிட்டர் வேறு யாருக்கும் வேலை செய்யப் போகமாட்டார். அவர் பழக்கம் நமக்குத் தெரியும். செலவுதான் அதிகம். அதோடு, அந்தத் துண்டில் ஒரு பிழை இருப்பது பிற்பாடு தெரிந்தால், பத்து வீட்டுக்கும் போய்ப் பத்துப் பிரதியையும் திருத்த வேண்டும்.

அடுத்த படி அமெரிக்காவில். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையம், பெல் ஆராய்ச்சிச் சாலை, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆகிய மூவரும் சேர்ந்து 1960-களின் நடுவில் 'மல்டிக்ஸ்' என்ற பெரிய திட்டத்தில் இறங்கினார்கள். ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் ஒரு புதுமை. பொதுத் துண்டை முன்கூட்டியே நிரலோடு ஒட்டி வைக்க வேண்டாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கட்டும். "இந்த வேலையைச் செய்ய இன்னார் வேண்டும்" என்று முதல் தடவை கேட்கும் அந்தக் கணத்தில், யந்திரமே அந்தத் துண்டைத் தேடிப் பிடித்து இணைத்துக் கொடுக்கும். யந்திரத்தின் ஞாபகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். கேட்பவர் எத்தனை பேரானாலும் அதையே பகிர்ந்துகொள்வார்கள். வீட்டுக்கு வீடு கம்பாசிட்டர் போய், ஊருக்கு ஒரு அச்சுக்கூடம் வந்துவிட்டது!

நல்ல யோசனைகளுக்கெல்லாம் நேர்வது இதற்கும் நேர்ந்தது: காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டது. 1969-ல் பெல் சாலைக்காரர்கள் மல்டிக்ஸை விட்டு விலகினார்கள். விலகியவர்களில் சிலர் 'யூனிக்ஸ்' என்று சிறியதாக, எளியதாக ஒன்று செய்தார்கள். எளிமைக்காகப் பழையபடி பிரதி எடுக்கும் முறைக்கே திரும்பினார்கள். பல வருஷங்கள் அப்படியே போயிற்று. 1980-களில் கம்ப்யூட்டரின் திரையில் ஜன்னல்களும் படங்களும் வந்தபோதுதான் சங்கடம் முற்றியது. ஜன்னல் வரைவதற்கு வேண்டிய உத்தரவுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒவ்வொரு நிரலும் அந்த மூட்டையைத் தனித்தனியாகச் சுமந்தால் யந்திரம் தாங்காது. 1985-ல் வெளிவந்த முதல் விண்டோஸ், 256 கிலோபைட் ஞாபகத்தில் ஓட வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைவிட அதிகம் வேண்டும். ஆகவே அதில் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளை வைத்தார்கள். 1988-ல் சன் கம்பெனியின் யூனிக்ஸிலும் அது வந்தது. மல்டிக்ஸின் யோசனை இருபது வருஷம் வனவாசம் இருந்துவிட்டுத் திரும்பியது.

இனி நம் மொரப்பூருக்கு வருவோம்.

1990-களில் தமிழைக் கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். அன்று பொதுக் கம்பாசிட்டர் கிடையாது. ஒவ்வொருவரும் தாங்களே எழுத்துரு செய்து, கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று தம் இஷ்டம் போல் வைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய கொம்பு மற்றொருவருக்கு ஆங்கில எழுத்தாகவோ, கேள்விக்குறியாகவோ தெரிந்தது. ஒரு பத்திரிகையை இணையத்தில் படிக்க ஓர் எழுத்துரு. அடுத்த பத்திரிகைக்கு வேறொன்று. ஒரு நண்பர் கடிதம் அனுப்பினால், கூடவே தம் எழுத்துருவையும் அனுப்ப வேண்டும். 5½ அடிப் பாதையும் 2½ அடிப் பாதையும் மட்டுமா? ஊருக்கு ஓர் அகலம், தெருவுக்கு ஓர் அகலம்! ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூட்டையை இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தோம். 1999-ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு ஒரு விசைப்பலகையையும், இரண்டு எண் முறைகளையும் சிபாரிசு செய்தது. தெருவுக்கு ஒன்று என்பது ஊருக்கு இரண்டு என்று குறைந்தது. அந்த அளவில் அது முன்னேற்றமே.

இதற்கிடையில் 1991-ல் யூனிகோடு என்ற உலகப் பொது எண் முறை வந்திருந்தது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. ஆனால் அது எழுத்துக்கு எண் கொடுத்ததே தவிர, வரைந்து காட்டவில்லை. 'ம' என்றும் அடுத்து ஒகரக் குறி என்றும் வரிசையாக எண் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது. கொம்பை எடுத்து முன்னால் வைக்கும் ஆள் வரவில்லை. ஆள் வராத இடத்தில் கொம்பு இருந்த இடத்திலேயே, எழுத்துக்குப் பின்னால், வழி தவறிய ஆடு போல நின்றது. படித்தவர்கள் சிரித்தார்கள், எழுதியவர்கள் அழுதார்கள்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000-ல் அந்த ஆள் வந்து சேர்ந்தார். அவர் பெயர் 'யூனிஸ்கிரைப்'. பல நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி. இந்திய லிபிகளில் அவர் முதலில் கற்றுக்கொண்டவை தேவநாகரியும் தமிழும். அதன்பின் கடிதம் எழுதும் நிரலானாலும் சரி, இணையம் பார்க்கும் நிரலானாலும் சரி, தமிழ் வந்தால் அவரைக் கூப்பிட்டால் போதும். அவர் வந்து கொம்பைக் கொம்பின் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த விண்டோஸிலும், அடுத்து வந்த எக்ஸ்பியிலும், கம்பாசிட்டரைத் தனியாகக் குடியேற்ற வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஒரு கட்டத்துக்குள் குறி போட்டு, குறுந்தகட்டைத் தேடி எடுத்துச் செருக வேண்டும். குறுந்தகடு எந்த மேஜை அறையில் இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!

விலை கொடுக்காமல் யாரும் உபயோகிக்கலாம் என்ற கொள்கையுடைய லினக்ஸ் உலகத்திலும் இந்த வேலை நடந்தது. அங்கே வளர்ந்த கம்பாசிட்டருக்கு 'ஹார்ஃபுபஸ்' என்று பெயர். பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் அதைப் புதிதாக எழுதி வளர்த்தவர். இன்று ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழைக் கோத்துக் கொடுப்பது அதுதான். லிப்ரே ஆபீஸிலும் அதுதான். குரோம் முதலிய சில பெரிய நிரல்கள் அதன் பிரதியைத் தங்களோடேயே சுமந்து வருகின்றன. வீட்டுக் கம்பாசிட்டர் முறை இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. எந்த முறையில் வந்தாலும், அந்த ஈரானியர் நம் அரிச்சுவடியைக் கற்று நமக்காகக் கொம்பு போட்டிருக்கிறார் என்பதில் நமக்கு ஒரு நன்றி உணர்ச்சி வேண்டாமா? 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. மூட்டை இறக்கி ஏற்றும் காலம் அநேகமாக முடிந்தது.

இவ்வளவும் சுப சரித்திரம். இனி அடுத்த சங்கடம்.

விண்டோஸில் 1990-களிலேயே ஒரு தொல்லை பெயர் எடுத்திருந்தது. புதிய நிரல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தால், அது தனக்குப் பிடித்த லைப்ரரியைப் பழையதன் தலைமேல் எழுதிவிடும். பழைய கம்பாசிட்டரை நம்பியிருந்த வேறு நிரல்கள் மறுநாள் காலையில் படுத்துவிடும். பெயர் அதே பெயர், ஆள் வேறு. பொறியியலாளர்கள் அந்த நிலைமைக்கு நரகம் என்றே பெயர் வைத்தார்கள்.

2018 பிப்ரவரியில் இதைவிட வேடிக்கையான ஒன்று நடந்தது. ஆப்பிள் கம்பெனியின் கைபேசிகளில், தெலுங்கில் 'ஞானம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு சேர்த்து அனுப்பினால், பெற்ற பேசியின் நிரல் மயங்கி விழுந்தது. ஞானத்தின் முதல் எழுத்தைக் கண்டு புத்தி பேதலித்த யந்திரம்! தருமபுரிப் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக வழங்குகின்றன. அங்கே அந்த எழுத்துக்கு யாரும் மயங்கியதில்லை. கவனிக்க வேண்டியது இது: விழுந்தது ஒரு நிரல் அல்ல. கடிதம் அனுப்பும் நிரல், அரட்டை நிரல் என்று பலவும் விழுந்தன. ஏனென்றால் எல்லாமே ஒரே கம்பாசிட்டரைக் கூப்பிட்டன. சில நாட்களில், பிப்ரவரி 19-ந் தேதி, திருத்தம் வெளிவந்தது. ஒரே இடத்தில் திருத்தியதும் எல்லா நிரல்களும் எழுந்து உட்கார்ந்தன. பகிர்ந்துகொள்வதன் தீமையும் நன்மையும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டன.

2024 மார்ச்சில் நடந்தது வேடிக்கை அல்ல. கோப்புகளைச் சுருக்கிக் கொடுக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன லைப்ரரி லினக்ஸ் உலகம் முழுவதும் உபயோகத்தில் இருந்தது. வெகு காலமாக அதைக் கவனித்து வந்தவர் தனி மனிதர். அதற்காக அவருக்குச் சம்பளம் கிடையாது. களைத்துப் போயிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஓர் ஆசாமி வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, சாவிக் கொத்தையும் பெற்றுக்கொண்டார். பிறகு அந்த லைப்ரரிக்குள் ஒரு திருட்டு வாசலை ஒளித்து வைத்தார். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய அனுமதி கொடுக்கும் காவல்கார நிரல் ஒன்று உண்டு. அதற்குச் சுருக்கும் லைப்ரரியோடு நேர் உறவு இல்லை. ஆனால் சில லினக்ஸ் வகைகளில், காவல்காரர் ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டால் அது கூடவே இந்த லைப்ரரியையும் அழைத்து வரும். கல்யாணத்துக்கு வந்த உறவினரோடு இன்னார் என்று தெரியாத ஒருவரும் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார் அல்லவா? அந்த மாதிரி.

அதைக் கண்டுபிடித்தவர் போலீஸ்காரரும் அல்ல, உளவுத் துறையும் அல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர், தம் சொந்த வேலையாக எதையோ அளந்துகொண்டிருந்தார். வழக்கத்தைவிட உள்ளே நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! நம்மில் யாராவது அதைப் பொருட்படுத்துவோமா? அவர் பொருட்படுத்தினார், ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார், மார்ச் 29-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார். திருட்டு வாசல் பரவலாகத் திறப்பதற்கு முன்பே அடைபட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதற்கு இந்த வம்பு? அவரவர் வீட்டில் அவரவர் கம்பாசிட்டரை வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். என் அபிப்பிராயம் அது அல்ல. தனித்தனிக் கொம்போடு நாம் வாழ்ந்து பார்த்தாயிற்று. அந்தக் காலத்தில் ஒரு தமிழன் எழுதியதை மற்றொரு தமிழன் படிக்க முடியவில்லை. பகிர்ந்துகொண்டதால்தான் இன்று மொரப்பூரில் ஒரு பாட்டி, துபாயில் இருக்கும் பேரன் அனுப்பிய தமிழ்ச் செய்தியைப் பேசியில் படிக்கிறார். மொரப்பூர்ப் பாதையில் இருந்த குறை, அதைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள் என்பது அல்ல. அகலம் ஒத்து வராததும், பெயர்த்து எடுத்தபோது தட்டிக் கேட்க ஆள் இல்லாததுமே குறை.

தண்டவாளத்தைப் பெயர்த்தால் ஊருக்குத் தெரியும். இரும்பு போகும் சத்தமாவது கேட்கும். லைப்ரரிக்கு ஏதாவது நேர்ந்தால் சத்தம் கேட்காது. யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அதைப் பழுது பார்க்கிறார். அவர் களைத்துப் போனால் நமக்குத் தெரியாது. வேறொருவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் தெரியாது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். தமிழைக் கோத்துக் கொடுக்கும் லைப்ரரியைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தடை ஒன்றும் இல்லை; ஹார்ஃபுபஸின் உத்தரவுகள் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. பிழை கண்டால் எழுதிப் போடலாம். தெரிந்தால் திருத்தியும் அனுப்பலாம்.

ஒரு தமிழ்ப் பக்கத்தை நாம் படித்து முடிப்பதற்குள் அந்தக் கம்பாசிட்டர் நூற்றுக்கணக்கான கொம்புகளையும் கால்களையும் எடுத்து வைத்துவிடுகிறார். கூலி கேட்டதில்லை. அவருக்கு உடம்பு சௌக்கியமா என்று எப்போதாவது யாராவது விசாரிக்க வேண்டாமா?